'தி வயர்' பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்: தொலைக்காட்சி நாடகத்தில் வர்க்கமும் யதார்த்தமும்

'தி வயர்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்கச் சொல்லி யாரிடமாவது சொன்னால் போதும், பத்து நாளில் ஃபோன் வந்துவிடும். தங்கை, அலுவலக நண்பர்கள், எதிர்வீட்டு மாமா என்று கேட்கும் ஆள்தான் மாறுகிறது. கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: எச்.பி.ஓ. சேனலில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை வந்த தொடர். 5 சீசன், 60 எபிசோடு. கதை நடப்பது மேரிலண்ட் மாநிலத்தின் பால்டிமோர் நகரத்தில். 6வது கேள்விக்குப் பிறகு சிலருடைய முடிவுகளைச் சொல்லியிருக்கிறேன். தெரிய வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. இது போலீஸ், போதைமருந்து கதைதானே? இதுல வர்க்கம் எங்க வந்துச்சு?

தொடங்குவது போலீஸ் கதையாகத்தான். பார்க்ஸ்டேல் கும்பலைப் பிடிக்க ஒரு சின்னக் குழு ஃபோன்களை ஒட்டுக்கேட்கிறது. தலைப்பில் இருக்கும் 'வயர்' அதுதான். ஆனால் சில எபிசோடுகளிலேயே ஒன்று பிடிபட்டுவிடும்: போதைமருந்தை விற்கிற பக்கமும் விற்பவனைப் பிடிக்கிற பக்கமும் ஒரே மாதிரி நடக்கின்றன. மேலே இருப்பவன் கணக்குக் கேட்கிறான், நடுவில் இருப்பவன் பயந்து தலையாட்டுகிறான், கீழே இருப்பவன் அடி வாங்குகிறான்.

அப்புறம் ஒவ்வொரு சீசனும் அதே ஊரின் இன்னொரு பக்கத்துக்குப் போகிறது. இரண்டாவதில் துறைமுகம், மூன்றாவதில் நகர அரசியல், நான்காவதில் பள்ளிக்கூடம், ஐந்தாவதில் செய்தித்தாள். யாருக்கு எந்தக் கதவு திறக்கும், யார் எவ்வளவு தட்டினாலும் திறக்காது என்பதுதான் அறுபது எபிசோடிலும் ஓடுகிற கதை. வர்க்கம் என்று நான் சொல்வது அதைத்தான்.

2. யதார்த்தம், யதார்த்தம்னு சொல்றீங்க. இடிஞ்ச வீடு, கெட்ட வார்த்தை, இருட்டு. இதானே?

அதெல்லாம் இருக்கிறது. ஆனால் இடிந்த வீட்டை ஒரு நல்ல கலை இயக்குநர் இரண்டு நாளில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது எபிசோடில் வரும் ஒரு காட்சியைப் பாருங்கள். குடியிருப்பின் நடுமுற்றத்தில் ஒரு பழைய ஆரஞ்சு நிற சோபா. போதைமருந்து விற்கும் மூன்று பையன்கள் மெக்டொனால்ட்ஸ் கோழித் துண்டுகளைத் தின்றுகொண்டே பேசுகிறார்கள். எலும்பில்லாமல் இப்படிச் செய்யலாம் என்று கண்டுபிடித்தவன் இந்நேரம் பெரிய பணக்காரனாகியிருப்பான் என்பது வாலஸின் எண்ணம். கொஞ்சம் மூத்தவனான டிஆஞ்சலோ சிரிக்கிறான். அவன் எங்கேயாவது ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாசச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வறுவலை இன்னும் ருசியாக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருப்பான் என்கிறான். உழைத்தவனுக்குச் சம்பளம், லாபம் முதலாளிக்கு. இதைச் சொல்கிறவனும் மாமா ஏவன் பார்க்ஸ்டேலுக்காகத் தெருவில் நிற்கிறவன்தான். அதை அவன் வாயால் சொல்ல வைக்காமல் காட்சியை அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

ஒரு மனிதன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எத்தனை வழி இருக்கிறது என்பதை எழுதுகிறவர் ஒரு காட்சியில்கூட மறக்காமல் இருந்தால், அதை நான் யதார்த்தம் என்பேன். மற்றதெல்லாம் செட்.

3. எழுதினவங்களுக்கு இந்த வாழ்க்கை எப்படித் தெரியும்? சும்மா கற்பனையா?

தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் 1982 முதல் 1995 வரை 'பால்டிமோர் சன்' நாளிதழில் போலீஸ் செய்திகள் எழுதியவர். ஒரு வருடம் கொலைப் பிரிவுடனேயே சுற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1991இல் வந்தது. அடுத்து எட் பர்ன்ஸோடு சேர்ந்து, போதைமருந்து விற்கும் ஒரு தெருமுனையில் ஒரு வருடம் இருந்து இன்னொரு புத்தகம் எழுதினார், அது 1997இல். எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் 20 ஆண்டுகள் போலீஸ் வேலை பார்த்துவிட்டு, பிறகு அங்கேயே அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நான்காவது சீசனின் வகுப்பறைகள் அவ்வளவு உயிரோடு இருக்கக் காரணம் அவர்தான் என்பது என் எண்ணம்.

கேட்டு எழுதியது வேறு, வாழ்ந்து எழுதியது வேறு என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சு. இருவரும் வெள்ளையர்கள், எழுதியது பெரும்பாலும் கறுப்பின மக்களைப் பற்றி. 9வது பதிலில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

4. முதல் மூணு எபிசோடு ஒண்ணுமே புரியல. நான்தான் மந்தமா?

இல்லவே இல்லை. வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார்கள். தெருப்பேச்சுக்கும் போலீஸ் குழூஉக்குறிக்கும் யாரும் நமக்கு விளக்கம் சொல்வதில்லை. பின்னணி இசை கிடையாது. காட்சிக்குள் ரேடியோவோ காரோ பாடினால்தான் பாட்டு. சீசன் முடிவுகளில் மட்டும் இந்த விதியைத் தளர்த்துவார்கள். எங்கே அழ வேண்டும், எங்கே பயப்பட வேண்டும் என்று வயலின் சொல்லித் தராததால் முதலில் தடுமாறத்தான் செய்வோம்.

புது ஊருக்கு வேலைக்குப் போன முதல் வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் மற்றது தானாகப் புரியும். சப்டைட்டில் போட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை. நாலாவது எபிசோடு வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. நடிச்சவங்க நிஜமாவே அந்த ஊர்க்காரங்களா?

கலவை. போலீஸ்காரர் மெக்நல்டியாக வரும் டாமினிக் வெஸ்ட்டும் ஸ்ட்ரிங்கர் பெல்லாக வரும் இட்ரிஸ் எல்பாவும் இங்கிலாந்துக்காரர்கள். ஸ்னூப்பாக வரும் ஃபெலிஷியா பியர்சன் பால்டிமோரில் வளர்ந்தவர், முன்பு நடித்தவர் இல்லை. ஜே லாண்ட்ஸ்மன் என்ற நிஜ போலீஸ் அதிகாரியின் பெயர் ஒரு பாத்திரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிஜ லாண்ட்ஸ்மன் இன்னொரு அதிகாரியாக நடித்திருக்கிறார்.

6. ரெண்டாவது சீசன்ல திடீர்னு துறைமுகத்துக்குப் போயிட்டாங்க. அதைத் தாண்டி மூணுக்குப் போயிடலாமா?

தயவுசெய்து தாண்டாதீர்கள். எனக்கும் முதல் தடவை எரிச்சல் வந்தது, பழகிய முகங்களை எங்கே என்று தேடினேன். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான், மொத்தத் தொடருக்கும் அடித்தளம் இந்த சீசனில் இருக்கிறது என்று புரிந்தது.

போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஃபிராங்க் சொபோட்கா துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பொருளாளர். கப்பல் வரத்துக் குறைந்துவிட்டது, வேலை மூப்பு வரிசைப்படிதான் கிடைக்கும், இளைஞர்களுக்கு மாதத்தில் சில நாள்தான் வேலை. கடத்தல்காரர்களின் கன்டெய்னர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குப் பணம் வாங்குகிறார். அந்தப் பணத்தை வைத்து அவர் வீடு கட்டவில்லை. கப்பல் போகும் கால்வாயைத் தூர்வாரவும் மூடிக்கிடக்கும் தானியக் கப்பல்துறையைத் திறக்கவும் அரசியல்வாதிகளுக்குக் கொடுக்கிறார். தப்பு செய்கிற மனிதர், செய்வது இன்னும் நூறு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று. ராட்டர்டாம் துறைமுகத்தில் இயந்திரங்களே சரக்கு இறக்கும் படத்தை ஒரு கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் முன்னேற்றத்தைப் பார்க்கிறார்கள், ஃபிராங்க் பேய்ப்படம் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு சின்னக் காட்சியும் உண்டு. அவருடைய அண்ணன் மகன் நிக், காதலியோடும் குழந்தையோடும் ஒரு வீடு பார்க்கப் போகிறான். அது ஒரு காலத்தில் அவனுடைய அத்தை இருந்த வீடு. இப்போது உள்ளே இடித்துப் புதுப்பித்து, பேட்டைக்கும் வேறு பெயர் சொல்லி, அவனால் தொட முடியாத விலைக்கு விற்கிறார்கள். வர்க்கத்தைப் பற்றிய ஒரு பாடப்புத்தகம் இருபது பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயம் இது.

7. பணம் வந்துட்டா வர்க்கம் மாறிடும்தானே? டிஆஞ்சலோ கையிலதான் கட்டு கட்டா இருக்கே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்குத் தொடர் இரண்டு சாப்பாட்டுக் காட்சிகளில் பதில் சொல்கிறது.

முதல் சீசனில் டிஆஞ்சலோ தன் குழந்தையின் தாயான டானெட்டை நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பெரிய உணவகத்துக்குக் கூட்டிப் போகிறான். பில் கொடுக்கக் காசு இருக்கிறது. ஆனாலும் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்கிறான். காசு இருந்தால் நீ யார் என்று சொல்கிறாயோ அதுதான் நீ, என்கிறாள் டானெட். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு இனிப்புகள் அடுக்கிய தட்டு வருகிறது, அவன் கையை நீட்டி ஒன்றை எடுத்துவிடுகிறான். அது காட்டுவதற்கான மாதிரி, கேட்டதைத் தனியாகக் கொண்டுவருவார்கள். பணியாளர் மரியாதையாகத்தான் சொல்கிறார். அந்த மரியாதைதான் அவனைச் சுடுகிறது.

நான்காவது சீசனில் இதே விஷயம் இன்னும் ஆழமாக வருகிறது. முன்னாள் போலீஸ் அதிகாரி கோல்வின், வகுப்புப் போட்டியில் ஜெயித்த நேமண்ட் உள்ளிட்ட மூன்று மாணவர்களை ஒரு பெரிய ஸ்டேக் உணவகத்துக்குப் பரிசாக அழைத்துப் போகிறார். போகும்போது ஒரே குதூகலம். உள்ளே போனதும் குரல் இறங்கிவிடுகிறது. பரிமாறும் பெண் அன்றைய சிறப்பு வகைகளைச் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை புரியாமல் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். வகுப்பறையில் ஆசிரியரையே எதிர்த்துப் பேசும் பிள்ளைகள் அங்கே சுருங்கிப் போகிறார்கள். திரும்பும் காரில் சந்தோஷமே இல்லை, எரிச்சல்தான். அந்த எபிசோடுக்கு வைத்த பெயரின் பொருள், 'உன் இடம் எது என்று தெரிந்துகொள்'.

இந்தக் காட்சியை நான் தள்ளி நின்று பார்த்ததில்லை. முதல் வேலையில் சேர்ந்தபோது ஒரு நட்சத்திர ஹோட்டலில் பஃபே விருந்து. திரும்பத் திரும்பப் போய் எடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது. ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் தட்டில் நாலு இலையும் ஒரு துண்டு சீஸும் இருந்தன. அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்த அதே எரிச்சல்தான். அதற்குப் பெயர் அப்போது தெரியவில்லை.

8. ஸ்ட்ரிங்கர் பெல் அவ்வளவு புத்திசாலி. ஏன் தோத்தான்?

முந்தைய பதிலில் சொன்ன உணவகம் இவனுக்குக் கட்டுமானத் தொழிலாக வருகிறது. கும்பலின் இரண்டாம் தலைவன், மாலை நேரக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறான், படித்ததைத் தெருவில் சோதித்துப் பார்க்கிறான், கும்பல் கூட்டத்தையே சபை விதிப்படி நடத்துகிறான். போதைமருந்துப் பணத்தைக் கட்டடங்களில் போட்டு மரியாதையான ஆளாகிவிட நினைக்கிறான். அங்கே கிளே டேவிஸ் என்ற மாநில செனட்டர், காரியம் முடித்துத் தருகிறேன் என்று மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிடுகிறார். கடைசியில் வக்கீல் சொல்லித்தான் அவனுக்கே தெரிகிறது, இது ஊரறிந்த பழைய மோசடி என்று.

புத்தகத்தில் இருப்பதை அவன் படித்துவிட்டான். புத்தகத்தில் எழுதாததை, யாரை நம்பலாம், எந்தக் காசோலை எங்கே போகும் என்பதை, அந்த உலகத்தில் பிறந்தவர்கள் சாப்பாட்டு மேஜையிலேயே கற்றுக்கொள்கிறார்கள். தெருவுக்கு வேண்டிய முரட்டுத்தனமும் உனக்குப் போதாது, அவர்களுக்கு வேண்டிய சாமர்த்தியமும் உனக்குப் போதாது என்கிற மாதிரி ஏவன் அவனிடம் சொல்வான். கொடூரமான பேச்சு, ஆனால் உண்மை. அவன் செத்த பிறகு மெக்நல்டி அவனுடைய வீட்டுக்குள் போய், புத்தக அலமாரியிலிருந்து ஆடம் ஸ்மித்தின் பொருளாதார நூலை எடுத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் நான் துரத்தியது யாரை என்று திகைத்து நிற்பான்.

9. அமெரிக்காவுல இது நிறவெறிப் பிரச்சினை. வர்க்கம்னு சொல்லி மழுப்புறீங்களா?

நிறத்தை எடுத்துவிட்டு பால்டிமோரைப் பேசவே முடியாது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்று நிறத்தை வைத்துப் பிரித்து, 1910இல் அமெரிக்காவிலேயே முதலாவதாகச் சட்டம் போட்ட நகரம் அது. அதே மாதிரியான லூயிவில் நகரச் சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் போனதே தவிர, 1930களில் கறுப்பினக் குடியிருப்புகளைச் சிவப்பு மையில் குறித்து வீட்டுக்கடனை மறுக்கும் வழக்கம் வந்தது. 1950இல் 9.5 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் 2010இல் இருந்தது சுமார் 6.2 லட்சம். தொடரில் வரிசை வரிசையாகப் பலகை அடித்து மூடிய வீடுகளைப் பார்க்கிறோமே, அவை இந்த வரலாற்றின் மிச்சம்.

ஆனால் தொடர் இதோடு நிற்பதில்லை. முதலில் வரும் மேயர் கறுப்பினத்தவர், போலீஸ் ஆணையர் கறுப்பினத்தவர், ஸ்ட்ரிங்கரை ஏமாற்றும் செனட்டரும் கறுப்பினத்தவர். அவர்களுக்கும் தெருவில் நிற்கும் வாலஸுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நிறத்தால் மட்டும் அளக்க முடியாது. துறைமுகத்திலோ வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஒரே சங்கம், ஒரே வறுமை. பதவி இந்த முறை யாருக்கு என்று வரும்போது நிறம் மறுபடி தலைகாட்டுகிறது. இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. சாதியையும் வர்க்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டு என்று நம்மிடம் யாராவது கேட்டால் எப்படித் திணறுவோமோ, அப்படித்தான். வெள்ளையர்கள் எழுதிய தொடர் என்பதால் இதில் சில குரல்கள் குறைந்திருக்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

10. எல்லாத்தையும் அமைப்பே தீர்மானிக்குதுன்னா, கதாபாத்திரம் எதுக்கு? பொம்மைதானே?

நானும் இதை ரொம்ப நாள் யோசித்தேன். என் பதில் நான்காவது சீசனின் நான்கு பையன்கள்: நேமண்ட், மைக்கேல், ராண்டி, டூக்கி. நால்வரில் வாய் மட்டும் பெரிதாக, தைரியமில்லாதவன் நேமண்ட். அவன்தான் தப்பிக்கிறான், கோல்வின் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்ப்பதால். ராண்டி வியாபாரத்தில் கெட்டிக்காரன், அவனுக்கு அநாதை விடுதி. டூக்கிக்குப் படிப்பு நன்றாக வரும், அவனுக்குப் போதை. யார் நல்லவன், யார் திறமைசாலி என்பதற்கும் யார் பிழைத்தான் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பார்க்கும்போது நெஞ்சு வலிக்கும்.

ஆனால் அவர்கள் பொம்மைகளாக இருந்திருந்தால் வலிக்காது. டூக்கி அழுக்கு உடையில் வருவான், மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அவனுக்குப் புது உடை கொடுத்தாலும் வீட்டிலுள்ளவர்கள் போதைக்காக விற்றுவிடுவார்கள். ஆசிரியர் பிரெஸ் சத்தம் போடாமல் ஓர் ஏற்பாடு செய்கிறார்: பள்ளியிலேயே குளித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், அழுக்குத் துணியை அவர் துவைத்துக்கொண்டு வருவார். அமைப்பு ஒரு ஓரத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு மனிதர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய அளவு என்ன, அது எங்கே போதாமல் போகிறது என்பதை அந்தத் துணிப்பை காட்டிவிடுகிறது. கதாபாத்திரம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

11. நம்ம சீரியல்ல ஏன் இப்படி இல்லை?

கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். 60 எபிசோடை ஆறு வருடத்தில் எடுத்தவர்களையும், வாரத்துக்கு ஐந்து ஆறு நாள் ஒளிபரப்புக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியவர்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நேரமில்லாதபோது முதலில் காணாமல் போவது 2வது பதிலில் சொன்ன கணக்குதான். வீட்டில் யாரும் வேலைக்குப் போகாமல் எல்லோரும் பகலில் கூடத்தில் நிற்பார்கள், வாடகை யார் கட்டுகிறார்கள் என்று தெரியாது.

ஆனாலும் 'தி வயர்' தொடங்கிய அதே 2002இல்தான் 'மெட்டி ஒலி'யும் தொடங்கியது. தாயில்லாத ஐந்து பெண்கள், கல்யாணம் செய்து கொடுக்க வேண்டிய அப்பா. சீர் குறைந்தால் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை அந்தத் தொடர் மறைக்கவில்லை. தெருவே அதைப் பார்த்ததற்குக் காரணம் மாமியார் சண்டை மட்டும் என்று நான் நம்பவில்லை. தங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை மக்கள் அதில் பார்த்தார்கள்.

12. வசதியா சோபாவுல உட்கார்ந்து ஏழைங்க கஷ்டத்தைப் பார்த்து ரசிக்கிறது தப்பில்லையா?

இதைக் கேட்டது என் தங்கை. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எச்.பி.ஓ. காசு கட்டிப் பார்க்கும் சேனல். அந்த முற்றத்து வாழ்க்கையை, அதற்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம் பாராட்டியிருப்பார்கள். தொடரிலும் குறைகள் உண்டு. பெண்களைப் போதுமான அளவு உள்ளே போய்ப் பார்க்கவில்லை. போலீஸ்காரி கீமாவைத் தவிர்த்தால், நேமண்டின் அம்மா மாதிரியானவர்களைக் கடுமையாக மட்டும் வரைந்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன வழி இருந்தது என்ற கணக்கு அங்கே தவறிவிட்டது.

ஆனால் இந்தக் கேள்வியைத் தொடரே கடைசி சீசனில் கேட்டுக்கொள்கிறது. நாளிதழில் ஒருவன் வீடற்றவர்களைப் பற்றி இல்லாததை எழுதிப் பெரிய பரிசு வாங்குகிறான். அதே அலுவலகத்தில் ஃப்ளெச்சர் என்ற இன்னொரு நிருபர், போதையிலிருந்து மீண்டுவரும் பபிள்ஸோடு நாள்கணக்கில் நடக்கிறார், எழுதியதை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கிறார், அவர் சம்மதிக்கும்வரை அச்சுக்குக் கொடுக்காமல் இருக்கிறார். எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் என்று தங்கைக்கு அப்புறம் சொன்னேன்.

பபிள்ஸ் அந்தச் சமயத்தில் தன் அக்கா வீட்டின் கீழ்த்தள அறையில் இருக்கிறார். அக்காவுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை, படிக்கு மேலே உள்ள கதவை எப்போதும் பூட்டியே வைத்திருப்பாள். கடைசி எபிசோடில் அந்தக் கதவு திறந்திருக்கிறது. அவர் படியேறி வந்து, மேஜையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிடுகிறார்.